திருவிருந்துக் கூட்டத்திற்கு வேட்டி கட்டிச் செல்ல விரும்பும் சகோதரர்களுக்கு

சென்னையில் கத்தோலிக்க ஆலயங்களிலும் தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்களிலும் வேட்டி கட்டிய ஆண்கள் ஞாயிறு ஆராதனையில் உட்கார்ந்திருப்பதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஊரார் மார்மன் சபை என்று அழைக்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் நிலைமை சற்று வேறு. இங்கே ஆண்களின் ஞாயிற்றுக்கிழமை உடை என்றாலே, வெள்ளைச் சட்டையும் டையும் கறுப்புப் பேன்ட்டும் மார்பில் பெயர்ப் பட்டையுமாக இரண்டிரண்டு பேராக நடந்துவரும் இளம் ஊழியக்காரர்களின் தோற்றந்தான் கண்முன் நிற்கிறது. அவர்களிடம் பாடம் கேட்டு ஞானஸ்நானம் பெற்றவர் அடுத்த வாரமே ஒரு டை வாங்கிவிடுகிறார்; கல்யாணத்திற்கும் பொங்கலுக்கும் ஆசையோடு கட்டிய வேட்டியோ சபைக்கு ஆகாத உடை போலப் பீரோவுக்குள் போய்விடுகிறது. சகோதரிகளுக்கு இந்தச் சிக்கல் எழுந்ததே இல்லை. புடவையோடும் சல்வாரோடும் அவர்கள் முதல் நாளிலிருந்தே வருகிறார்கள். ஆகவே இந்தக் குறிப்பு ஆண்களுக்கானது.

முதலில் விதியைப் பார்த்துவிடலாம். வேட்டி கூடாது என்று சபையின் பொதுக் கையேடு எங்கும் சொல்லவில்லை. ஞாயிறு கூட்டத்தில் அப்பத்தையும் தண்ணீரையும் ஆசீர்வதித்துப் பகிரும் திருவிருந்தை ஆயத்தப்படுத்துகிறவர்களும் ஆசீர்வதிக்கிறவர்களும் பரிமாறுகிறவர்களும் சுத்தமாகவும் அடக்கமாகவும் உடுத்தியிருக்க வேண்டும், அவர்களுடைய உடையோ நகையோ சபையாரின் கவனத்தைத் தன்பக்கம் இழுக்கக் கூடாது என்பதே அது கேட்பது. 1995 அக்டோபரில் சபையின் பொது மாநாட்டில் அப்போஸ்தலர்களில் ஒருவரான மூப்பர் ஜெஃப்ரி ஆர். ஹாலண்ட், உதவிக்காரர், ஆசிரியர், ஆசாரியர் என்ற சபைப் பொறுப்புகளில் இருந்து திருவிருந்தைக் கையாளுகிறவர்கள் இயன்ற இடங்களிலெல்லாம் வெள்ளைச் சட்டை அணியலாமே என்று ஓர் ஆலோசனையை முன்வைத்தார். அவர் பேசியது சட்டையைப் பற்றி. இடுப்புக்குக் கீழே என்ன அணிவது என்பதை அவர் தொடவில்லை என்பதை வேட்டிப் பிரியர்கள் மகிழ்ச்சியோடு கவனிக்கலாம். இளைஞர்களுக்கான வழிகாட்டிக் கையேடும் 2022ஆம் ஆண்டுப் பதிப்பில், இன்னது அணியலாம் இன்னது கூடாது என்ற பட்டியல்களைக் குறைத்துக்கொண்டு, கொள்கையைச் சொல்லித் தீர்மானத்தை அவரவரிடம் விடும் முறைக்கு மாறியது.

இதற்கு முன்மாதிரிகளும் உண்டு. சமோவாவிலும் தொங்காவிலும் பிஜியிலும் இச்சபையின் ஆண்கள் தலைமுறை தலைமுறையாக வெள்ளைச் சட்டைக்கும் டைக்கும் கீழே தங்கள் நாட்டு அரைத்துணியைச் சுற்றிக்கொண்டே திருவிருந்து பரிமாறுகிறார்கள். சமோவாவில் அதற்கு லாவாலாவா என்றும், தொங்காவில் துபேனு என்றும், பிஜியில் சுலு என்றும் பெயர். தொங்காவில் அதன்மேல் பாய்போல் முடைந்த தஓவாலாவையும் இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். அந்தத் தீவுகளில் முழுநேர ஊழியக்காரர்களும் இப்படி உடுத்துவதுண்டு. ஸ்காட்லாந்து வழிவந்த உறுப்பினர் சிலர் கில்ட் எனப்படும் மடிப்புப் பாவாடையை அணிந்து ஆராதனைக்குப் போகிறார்கள். அதைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன், ஏனெனில் கில்ட் கட்டுகிறவர் சந்திக்கும் சங்கடங்களில் பாதி வேட்டி கட்டுகிறவருக்கும் உரியவை.

2014ஆம் ஆண்டு சேப்பாக்கம் கிரிக்கெட் மன்றத்தில் வேட்டி கட்டிவந்த உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு அனுமதி மறுக்கப்பட்டதும், அதே ஆண்டில் தமிழக அரசு அதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்ததும் பலருக்கு நினைவிருக்கும். அந்தச் சட்டத்தைச் சபைக் கூட்டத்திற்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. இங்கே யாரும் வாசலில் நின்று தடுக்கப் போவதில்லை. உரிமை கேட்கும் முகத்தோடு உள்ளே நுழைகிறவரைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். வழக்கமாக வருவதுபோல் வந்து உட்காருகிறவரை இரண்டாம் பாட்டுக்குள் மறந்துவிடுவார்கள்.

யாரிடம் சொல்ல வேண்டும்

வெறுமனே கூட்டத்தில் உட்காரப் போகிறீர்கள் என்றால் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. அந்த ஞாயிறு திருவிருந்தை ஆசீர்வதிக்கவோ பரிமாறவோ, மேடையில் பேசவோ உங்கள் பெயர் இருந்தால் மட்டும் உங்கள் உள்ளூர்ச் சபையான கிளையின் தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை. கூட்டம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது வாசலில் நிறுத்திக் கேட்டால் அவருக்கும் தர்மசங்கடம். வாரநாளில் போனில், “பிரசிடென்ட், வர்ற ஞாயித்துக்கிழமை வேட்டி கட்டிட்டு வரலாம்னு இருக்கேன். திருவிருந்து பரிமாற என் பேரு போட்டிருக்கீங்க. வெள்ளைச் சட்டைதான் போடுவேன். உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டாலே போதும். “தாராளமா வாங்க பிரதர்” என்ற பதில் வருவதே பெரும்பாலும் வழக்கம். தயங்கினாரானால் வாதம் செய்ய வேண்டாம். அந்த வாரம் பேன்ட் அணிந்து பரிமாறிவிட்டு, கடமை இல்லாத வேறொரு வாரம் வேட்டியில் வந்து உட்காருங்கள். நான்கைந்து வாரம் கண்ணுக்குப் பழகிய பிறகு அந்தத் தயக்கம் பெரும்பாலும் தானே கரைந்துவிடும்.

முழுநேர ஊழியத்தில் இருக்கும் இளைஞர்கள் மட்டும் இதில் சேரமாட்டார்கள். அவர்களுடைய உடை அவர்கள் ஊழியப் பகுதியின் விதிப்படி அமைவது. 2020இல் சில பகுதிகளில் நீலச் சட்டையும் டை இல்லாத தோற்றமும் அனுமதிக்கப்பட்டபோதுகூட, ஞாயிறு ஆராதனைக்கு வெள்ளைச் சட்டையும் டையும் அப்படியே நீடித்தன. ஊழியம் முடித்து வீடு திரும்பிய பின் அவர்களும் விருப்பம்போல் வேட்டி கட்டலாம்.

எந்த வேட்டி

நாலு முழம், எட்டு முழம் என்ற இரண்டில் எட்டு முழத்தையே எடுங்கள். நாலு முழ ஒற்றை வேட்டி வீட்டுக்கும் கடைத்தெருவுக்கும் சரி. சன்னலோரம் வெளிச்சத்துக்கு எதிரே நிற்கும்போது அதன் வழியே கால்கள் நிழலாகத் தெரியும். பரிமாறுகிறவர் அந்தக் கூட்டத்தில் நிற்பதும் நடப்பதுமாகவே இருக்கிறார். எட்டு முழம் ஏறத்தாழ 3.6 மீட்டர் நீளமிருக்கும். அதை இரண்டாக மடித்துக் கட்டுவதால் துணி இரட்டையாகி மறைப்புக் கிடைக்கிறது, விழும் விதத்திலும் ஒரு கனம் வருகிறது. அகலம் பொதுவாக 50 அங்குலம். ஆறடிக்கு மேல் உயரமுள்ளவர்கள் அகலத்தைக் கேட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் கணுக்கால் தெரியக் குட்டையாகிவிடும்.

எழும்பூர் பாந்தியன் சாலையிலுள்ள கோ-ஆப்டெக்ஸிலோ தியாகராய நகர் உஸ்மான் சாலைக் கடைகளிலோ வாங்கும்போது, மடிப்பைப் பிரித்துத் துணியின் இரண்டு அடுக்குக்கும் அடியில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ரேகைகள் தெரிந்தால் அந்த வேட்டி வேண்டாம். நூலின் எண் கூடக் கூடத் துணி மெல்லிசாகும், விலையும் ஏறும். 100ஆம் எண் வேட்டி கைக்கு வழுவழுப்பாக இருப்பது உண்மைதான். சபைக்கு 40ஆம், 60ஆம் எண் நூலில் நெய்த சற்றுத் தடித்த வேட்டியே உகந்தது. பட்டு வேட்டி கல்யாண வீட்டுக்கு இருக்கட்டும். சுண்டு விரல் அகலத்துக்கு மேற்படாத ஜரிகைக் கரையோ, பச்சை, நீலம், பழுப்பு போன்ற ஒற்றை நிறக் கரையோ போதும்.

கரையைப் பொறுத்தவரை சென்னைக்காரருக்குச் சொல்லியே ஆகவேண்டிய ஒன்று உண்டு. கறுப்பும் சிவப்புமாகவோ, நடுவே வெள்ளை சேர்ந்தோ ஓடும் கரை எந்தக் கட்சியுடையது என்று இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாமனார் வீட்டில் பொங்கலுக்கு எடுத்துக் கொடுத்த கரை வேட்டி என்று நீங்கள் விளக்கம் சொல்ல முடியாது. அப்பத் தட்டோடு வரிசை வரிசையாகப் போகும்போது பார்க்கிறவர் கண் நேரே கரைக்குத்தான் போகும். கட்சி அரசியலில் எந்தப் பக்கமும் சாயாத சபை இது. கட்சி நிறங்களை ஒத்த கரை எதுவானாலும் தவிர்த்துவிடுங்கள். லுங்கியும் கைலியும் இந்தப் பேச்சிலேயே வரவில்லை.

சட்டை வெள்ளையாகவும் முழுக்கையாகவும் இருக்கட்டும். அதை வேட்டிக்குமேல் வெளியே விடுவதே தமிழ்நாட்டு வழக்கம். இடுப்பு முடிச்சும் பெல்ட்டும் அதற்குள் மறைந்துவிடும். டை வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் கருத்து, வேண்டாம் என்பதே. வெளியே தொங்கும் சட்டைக்குமேல் டை பொருந்தாது. டைக்காகச் சட்டையை உள்ளே செருகினால் வேட்டியின் சுருட்டு மடிப்பும் பெல்ட்டும் வயிற்றுக்குமேல் புடைத்துக்கொண்டு நிற்கும். பசிபிக் தீவினரின் லாவாலாவா பெரும்பாலும் தைத்த இடுப்புப் பட்டையோடு வருவதால் அவர்களுக்கு டை அழகாக அமைகிறது. நம் உடைக்கு அந்த வசதி இல்லை. ஆனால் உங்கள் கிளையில் பரிமாறுகிற எல்லோரும் டை அணிவது வழக்கமானால், ஒருவர் மட்டும் இல்லாமல் நிற்பதும் கண்ணை இழுக்கும். அப்போது சட்டையை உள்ளே செருகி, மேலே ஒரு கோட்டும் போட்டு இடுப்பை மறைத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை. மே மாதத்துச் சென்னையில் அது எவ்வளவு சுகம் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

அங்கவஸ்திரத்தை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தட்டை நீட்டக் குனியும் ஒவ்வொரு முறையும் அது தோளிலிருந்து சரியும், சரியும்போது தண்ணீர்க் கிண்ணங்களின் மேல்தான் விழும்.

கட்டும் முறை

வேட்டி கட்டத் தெரியாத தமிழரா என்று சிரிக்க வேண்டாம். இருபது வயதுக்குட்பட்டவர்களில் பலர் ஒட்டிக்கொள்ளும் வேட்டியைத் தவிர வேறு அறியார். தெரிந்தவர்களுக்கும் ஒரு பழக்கம் உண்டு. நடக்கும்போது இடது கையால் வேட்டியின் முனையைத் தூக்கிப் பிடிப்பதும், இடுப்பு தளர்ந்தால் நடுத்தெருவிலேயே அவிழ்த்து இறுக்குவதும் நம் கைக்கு வந்த வித்தை. திருவிருந்து பரிமாறுகிறவருக்கு அந்தக் கை கிடைக்காது. தட்டு ஒரு கையில், வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் மற்றொரு கை என்று ஒரு மணி நேரக் கூட்டத்தின் முக்கியமான பகுதி முழுவதும் இரண்டு கைகளும் வேலையில் இருக்கும். எனவே தொடாமலே நிற்கும்படி கட்டுவதே இங்கே தேவை.

சட்டையைப் போடுமுன், உள்ளே முழங்கால்வரை வரும் டிராயரோடு நின்றுகொண்டு, எட்டு முழத்தின் இரு முனைகளும் சேரும்படி மடித்துக்கொள்ளுங்கள். பிரிந்த முனைகள் உள்ளே போகும்படியும் மடிப்பு விளிம்பு வெளியே வரும்படியும் சுற்றினால் அடுக்குகள் நடையில் விலகா. கால்களைத் தோள் அகலத்திற்கு அகற்றி நில்லுங்கள். சேர்த்து வைத்துக் கட்டியவருக்கு மாடிப்படி ஏற முடியாது. துணியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், தொப்புள் உயரத்தில் இழுத்துப் பிடித்து, உள்முனையை எதிர்ப்பக்க இடுப்புவரை கொண்டுவந்து ஒரு விரற்கடை உள்ளே செருகுங்கள். பிறகு வெளிமுனையை அதன்மேல் இழுத்து மறுபக்க இடுப்புக்குக் கொண்டுபோய், கரை செங்குத்தாக விழுகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுச் செருகுங்கள். எந்தப் பக்கத்தை மேலே விடுவது என்பது உங்கள் கைப்பழக்கம். இடுப்பு விளிம்பு முழுவதையும் வெளிப்பக்கமாக இரண்டு முறை இறுக்கமாகச் சுருட்டுங்கள். சுருட்டச் சுருட்டக் கீழ் விளிம்பு ஏறிவிடும் என்பதால் முதலிலேயே கொஞ்சம் தாழ்த்திக் கட்டுவது நல்லது. விளிம்பு முன்னால் பாதத்தின் மேற்பகுதியைத் தொட்டும், பின்னால் தரையிலிருந்து இரண்டு விரல் உயர்ந்தும் இருக்க வேண்டும்.

சுருட்டின்மேல் பெல்ட் கட்டாயம். பர்ஸ் வைத்த அகலமான பச்சை பெல்ட் உறுதியானதுதான். மெல்லிய சட்டைக்குள் அது பச்சையாகவே தெரியும் என்பதால் வெள்ளை பெல்ட்டாகத் தேடி வாங்குங்கள். ஒட்டிக்கொள்ளும் வெல்க்ரோ வேட்டி வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பன்னிரண்டு வயதை எட்டும் ஆண்டில் பரிமாறத் தொடங்கும் பையன்களுக்கு நான் அதையே சொல்வேன். ஆனால் சரிசெய்கிறேன் என்று பிரார்த்தனை வேளையில் அதைப் பிரித்தால் எழும் சத்தம் கடைசி வரிசைவரை கேட்கும்.

புதிய வேட்டியைக் கடைக்கஞ்சியோடு கட்டிவர வேண்டாம். மொடமொடப்பான துணி இடுப்பில் பிடிக்காமல் வழுக்கும். அப்பம் பரிமாறப்படும்போது சபை முழுவதும் அமைதியாக இருக்கையில் ஒவ்வோர் அடிக்கும் சரசரக்கும். ஒரு முறை அலசி, கஞ்சியில்லாமலோ மிக நீர்த்த கஞ்சியிலோ முக்கி, லேசான ஈரத்தில் இஸ்திரி போட்டால் இரண்டு தொல்லையும் இல்லை.

மண்டியிடுதல், பரிமாறுதல், உட்காருதல்

அப்பத்தையும் தண்ணீரையும் ஆசீர்வதிக்கும் ஆசாரியர்தான் வேட்டியில் மிகவும் கவனமாக இருக்க வேண்டியவர். பாட்டு முடியும்வரை அவர் நின்றபடி அப்பத்தைப் பிட்கிறார். பின் மேசைக்குப் பின்னால் மண்டியிட்டு, மார்மன் புத்தகத்தின் பகுதியான மரோனியின் நூலில் 4ஆம் 5ஆம் அதிகாரங்களில் உள்ள ஜெபத்தைச் சொல் பிசகாமல் வாசிக்கிறார். ஒரு சொல் தவறினாலும் திருத்தி மறுபடி வாசிக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் இடுப்பு இழுபடுகிறதே என்று மனம் அலைந்தால் நாக்கும் அலையும்.

நேராக மண்டியிட்டால் முழங்கால்கள் வேட்டியின் முன்பக்கத்தை அழுத்திக்கொள்ளும். உடல் கீழே இறங்க இறங்க இடுப்புச் சுருட்டு முன்னால் இழுபட்டுத் தளரும். அதனால் இறங்குமுன், இரு தொடைகளின் மேலும் துணியைக் கிள்ளி நான்கு விரல் உயரத்துக்குத் தூக்கிவிட்டு, முதலில் வலது முழங்காலையும் பிறகு இடதையும் ஊன்றுங்கள். எழும்போது ஆபத்து அதிகம். ஒரு பாதத்தை முன்னால் ஊன்றியதும் அது பெரும்பாலும் விளிம்பின் மேலேயே இருக்கும். அப்படியே எழுந்தால் வேட்டி கீழே நிற்கும், நீங்கள் மட்டும் மேலே போவீர்கள். பாதத்தை ஊன்றியபின் ஒரு கையால் முன்விளிம்பை இழுத்து விடுவித்துவிட்டு எழுந்திருங்கள். மேசை மறைப்பதால் சபையாருக்கு அது தெரியாது. சனிக்கிழமை மாலை வீட்டில் ஒரு ஸ்டூலை மேசையாக வைத்துக்கொண்டு, கையில் ஒரு புத்தகத்தோடு நாலைந்து முறை இறங்கி எழுந்து பாருங்கள். வீட்டார் சிரித்தாலும் பரவாயில்லை.

பரிமாறுகிறவர் வழக்கமான நடையில் முக்கால் அளவுக்கு அடி வைத்தால் போதும். மின்விசிறிக்கு நேர் கீழே நிற்க நேர்ந்தால் திறப்புள்ள பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். வேட்டியில் பை இல்லாததால் செல்போன் சட்டைப் பைக்குப் போகும், குனிந்தவுடன் அது தட்டில் விழும். அதை இருக்கையிலேயே விட்டுவிட்டு எழுந்திருங்கள். உட்காரும்போது மேல்முனையை முழங்கால்களுக்கு நடுவே ஒருமுறை நீவிவிட்டு உட்கார்ந்தால் விலகாது. கால்மேல் கால் போடுவதை அன்றைக்கு விட்டுவிடலாம்.

மடித்துக் கட்டுவதைப் பற்றி ஒரு சொல். வெளியே எவ்வளவு பழக்கமோ, பெரியவர் எதிரே வந்தால் இறக்கிவிடுவதும் அவ்வளவு பழக்கம். சபைக் கட்டடத்தின் வாசலுக்குள் வந்தபின் நாற்காலி அடுக்குவதானாலும் பெருக்குவதானாலும் மடித்துக் கட்டாதீர்கள். ஞாயிறு கூட்டம் நடக்கும் கட்டடத்திலிருந்து வேறான, ஆலயம் எனப்படும் தனிப் புனித இல்லத்தில் உடன்படிக்கை செய்து, அதன் நினைவாக வஸ்திரம் அணிகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அந்த உள்ளாடை முழங்கால்வரை வருவது, பிறர் பார்வைக்குத் தெரியக் கூடாதது. வேட்டிக்காக அதைக் கழற்றிவைப்பதும் முறையல்ல. இரட்டை மடிப்பில் தடித்த வேட்டியை இறக்கிக் கட்டினால் இரண்டுக்கும் முரண்பாடே வராது. ஆலயத்தினுள்ளோ எல்லோரும் வெள்ளை ஆலய உடைக்கு மாறிவிடுவதால், பயணத்தில் நீங்கள் என்ன கட்டிப்போனீர்கள் என்ற கேள்வியே அங்கே எழாது.

ஞானஸ்நானம் கொடுக்க வேட்டி உதவாது. முழுகி எடுக்கும் ஞானஸ்நானத்தில் நனைந்த வேட்டி உடம்போடு ஒட்டும், இல்லாவிட்டால் தண்ணீரில் குடைபோல் விரியும். சபை வைத்திருக்கும் வெள்ளை உடையையே அணியுங்கள்.

வருவதும் போவதும்

பைக்கில் வருகிறவர்கள் வேட்டியைப் பையில் மடித்து எடுத்துவந்து, கூட்டத்திற்கு இருபது நிமிடம் முன்பே சேர்ந்து கட்டிக்கொள்வதுதான் நல்லது. வண்டியிலேயே கட்டிவருவதானால் சக்கரத்தில் சிக்காதபடி இரு பக்கமும் தொடைக்கடியில் செருகி உட்காருங்கள். மாநகரப் பேருந்தில் ஏறும்போது பின்னால் வருகிறவர் விளிம்பை மிதிப்பது நிச்சயம் என்பதால் முன்பக்கத்தை ஒரு கையில் பிடித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருத்தண்ணீர் தெறித்த வேட்டியோடு மேசைக்குப் போகக் கூடாது. மாற்று வேட்டி ஒன்றோ ஒரு பேன்ட்டோ பையில் இருக்கட்டும். காலுக்குத் தோல் செருப்பு போதும். நடக்கையில் குதிகாலில் அடித்துச் சத்தம் போடாததாக, பின்வார் உள்ளதாகப் பாருங்கள்.

கில்ட்டே கட்ட விரும்புகிறவர்களுக்கு

எடின்பரோவிலோ கிளாஸ்கோவிலோ படித்துத் திரும்பியவர்களும், ஸ்காட்லாந்து வழி முன்னோரைக் கொண்ட ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்தினரும் இந்த ஊரில் உண்டு. 1821இல் ஸ்காட்லாந்துக்காரர்களுக்காகவே எழும்பூரில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயம் எழும்பிய நகரம் இது. நம் சபைக்கும் ஸ்காட்லாந்துக்கும் மெட்ராஸில் ஒரு பழைய தொடர்பு உண்டு: 1849இல் சால்ட் லேக் நகரத்தின் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கிய ரிச்சர்ட் பாலன்டைன், ஸ்காட்லாந்தில் பிறந்தவர், 1853இல் ஊழியக்காரராகக் கப்பலேறி மெட்ராஸுக்கு வந்து துண்டுப்பிரசுரங்கள் அச்சிட்டுப் பிரசங்கித்தார். அவர் கில்ட் கட்டியிருப்பாரா என்று ஆசையோடு கேட்கிறவர்களுக்கு, அவர் பிறந்தது இங்கிலாந்தை ஒட்டிய தாழ்நில எல்லைப்பகுதி என்பதையும், கில்ட் ஆதியில் வடக்கே மேட்டுநிலத்தாரின் உடை என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

முறையான கில்ட்டுக்கு எட்டு கஜம், அதாவது ஏழு மீட்டருக்கு மேல், முறுக்கேறிய கம்பளி நூலில் நெய்த துணி வேண்டும். முன்பக்கம் இரண்டு தட்டையான மடல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக விழ, பக்கங்களிலும் பின்னும் முழுக்க மடிப்புகள் அமையும். சென்னைக்கு இருப்பதிலேயே எடை குறைந்த துணியில் தைத்ததை எடுங்கள். குளிரூட்டி இல்லாத கூடத்தில் அதுவே அதிகம். இடுப்பெலும்புக்குமேல், தொப்புள் உயரத்தில் கட்டினால் விளிம்பு முழங்காலின் நடுவில் வரும். அதற்குமேல் ஏறவிடாதீர்கள், உட்காரும்போது இன்னும் இரண்டு அங்குலம் ஏறும். ஆலய வஸ்திரம் அணிகிறவர்கள் தைக்கக் கொடுக்கும்போதே உட்கார்ந்த நிலையில் அளவு பார்த்து, விளிம்பை ஓர் அங்குலம் இறக்கித் தரும்படி கேட்டுக்கொள்வது உத்தமம்.

உட்காருமுன் இரு கைகளாலும் பின்மடிப்புகளைக் கீழ்நோக்கி நீவி, முழங்கால்களைச் சேர்த்து உட்கார வேண்டும். முன்மடலில் குத்தும் ஊசி மேல்மடலில் மட்டும் நிற்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் குத்தினால் எழும்போது துணி கிழியும். முன்னால் தொங்கும் ஸ்போரன் என்ற தோல்பை தட்டு ஏந்துகிறவருக்கு இடைஞ்சல் என்பதால் அதை இடுப்பின் பக்கவாட்டுக்கு நகர்த்திக்கொள்ளுங்கள். காலுறையில் செருகும் சிறு கத்தி வீட்டில் இருக்கட்டும். வெள்ளைச் சட்டையும் டையும் கில்ட்டுக்கு இயல்பாகவே பொருந்துவதால் அந்த வகையில் வேட்டிக்காரரைவிட இவர் பாக்கியசாலி.

ஆனால் சென்னைக் கிளையில் கில்ட், வேட்டியைப் போல இரண்டாம் பாட்டுக்குள் மறக்கப்படாது; பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள், கூட்டம் முடிந்ததும் பெரியவர்கள் வந்து துணியைத் தொட்டுப் பார்ப்பார்கள். அதனால் முதல் சில முறை வாரநாள் நிகழ்ச்சிக்கோ கிளையின் கிறிஸ்துமஸ் விருந்துக்கோ அதைக் கட்டிப்போய், எல்லோரும் கேட்டு முடிக்கட்டும். அதன்பின் பரிமாறும் கடமை இல்லாத ஒரு ஞாயிறு, நடைபாதையோரம் அல்லாமல் வரிசையின் நடுவில் உட்காருங்கள். மேசைக்கு அழைக்கப்படும் வாரங்களில் வேட்டியோ பேன்ட்டோ போதும்.